லோட் டெஸ்டைத் தடுக்காமல் முடிவுகளை டேட்டாபேஸில் எழுத ஒரு பிளக்இன்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்குச் சம்பள சாஃப்ட்வேர் செய்து தருகிறோமுங்க. சனிக்கிழமை சாயங்காலம் வாரச் சம்பளம் போடும்போது எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் வந்து விழும். அதைச் சோதிக்க ஜேமீட்டர் என்ற லோட் டெஸ்ட் கருவியில் டெஸ்ட் எழுதி, முடிவுகளைப் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சேமிக்க ஜேஎஸ்ஆர்223 லிசனரில் (ஒவ்வொரு முடிவு வந்ததும் நம் ஸ்கிரிப்டை ஓட்டும் பகுதி) ஒரு க்ரூவி ஸ்கிரிப்ட் வைத்தேன். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு இன்சர்ட். 50 யூசர் வரை சரியாக ஓடுகிறது. 300 வைத்தால் நொடிக்குப் போகிற ரிக்வெஸ்ட் ஏறவே மாட்டேங்குது. சர்வரோ சும்மா இருக்கிறது. இதை ஒழுங்கான பிளக்இன்னாக எழுத என்ன வழிங்க?

பதில்: சர்வர் சும்மா இருப்பதற்குக் காரணம் அந்த ஸ்கிரிப்ட்தான். ஜேஎஸ்ஆர்223 லிசனர், ரிக்வெஸ்ட் அனுப்பும் அதே த்ரெடில் ஓடுகிறது (ஜேமீட்டரில் ஒரு யூசர் என்பது ஒரு த்ரெட், அதாவது தனியாக ஓடும் ஒரு வேலை ஓட்டம்). இன்சர்ட் முடியும்வரை அந்த யூசர் அடுத்த ரிக்வெஸ்டை அனுப்ப மாட்டார். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் கணக்கெழுதுபவர் எழுதி முடிக்கட்டும் என்று எடை போடுபவர் ஒவ்வொரு மூட்டைக்கும் நின்றால், அன்றைக்கு வரத்து குறைவு என்றுதான் கணக்குச் சொல்லும். இதில் ஆபத்து என்னவென்றால், ரெஸ்பான்ஸ் டைம் இன்சர்ட்டுக்கு முன்பே அளக்கப்பட்டுவிடுகிறது. அதனால் ரிப்போர்ட் அழகாகவே வரும். சுமை குறைந்ததால் வந்த அழகு அது.

பிளக்இன் எழுதுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன்: டெஸ்ட் ஓடும்போதே எண்களைப் பார்த்தாக வேண்டுமா? வேண்டாம் என்றால் பிளக்இன்னே தேவையில்லை. ஜேமீட்டரை ஜியூஐ (திரை) இல்லாமல் ஓட்டி, முடிவுகளை அதன் ஜேடிஎல் ஃபைலில் எழுத விடுங்கள். முடிந்ததும் போஸ்ட்கிரெஸின் காப்பி கட்டளையால் ஏற்றிவிடுங்கள். பாதிப் பேருக்கு இதுவே போதும். ஜேமீட்டர் 3.2 முதல் இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற டேட்டாபேஸுக்கு அனுப்பும் வசதியும் கூடவே வருகிறது. ஆனால் அந்த வழக்கமான கிளையன்ட் சில நொடிக்கு ஒருமுறை தொகுத்த எண்களைத்தான் அனுப்பும். தனித்தனி சாம்பிள் (ஒரு ரிக்வெஸ்டின் முடிவு) போஸ்ட்கிரெஸில், அதுவும் உடனுக்குடன் வேண்டும் என்றால்தான் சொந்தப் பிளக்இன்.

அதற்கு அடிப்படை, முடிவுகளை வெளியே அனுப்புவதற்கென்றே ஜேமீட்டரில் இருக்கும் பேக்எண்ட் லிசனர். அதன் அப்ஸ்ட்ராக்ட் கிளையன்ட் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்து நான்கு மெத்தட் எழுதினால் போதும். முகவரி, பாஸ்வேர்டு போன்ற பாராமீட்டர்களுக்கு ஒன்று. இணைப்பைத் திறக்க செட்டப் டெஸ்ட். முடிவுகளை வாங்க ஹேண்டில் சாம்பிள் ரிசல்ட்ஸ். மூட டியர்டவுன் டெஸ்ட். பில்ட் கருவியான மேவனில் ஜேமீட்டர் 'கோர்' லைப்ரரியை 'ப்ரொவைடட்' என்று போடுங்கள். உங்கள் ஜார் ஃபைல் ஜேமீட்டரின் லிப் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்ட் ஃபோல்டருக்கும், போஸ்ட்கிரெஸ் டிரைவர் லிப் ஃபோல்டருக்கும் போக வேண்டும்.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். யூசர் த்ரெட்கள் முடிவுகளை ஒரு வரிசையில் (க்யூ) போட்டுவிட்டுப் போய்விடும். தனியாக ஒரு த்ரெட் அந்த வரிசையில் சேர்ந்திருப்பதை அள்ளி உங்கள் மெத்தடுக்கு ஒரு லிஸ்டாகத் தரும். அதை ஒவ்வொன்றாக எழுதாமல் மொத்தமாக (பேட்ச்) எழுதுங்கள்: ஆட்டோகமிட்டை அணைத்து, ஆட்பேட்ச், எக்ஸிக்யூட்பேட்ச், ஒரே கமிட். டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவானால் அதற்குள் வரிசையில் அதிகம் சேரும். அடுத்த லிஸ்ட் தானாகவே பெரிதாக வரும். பேட்ச் அளவுக்கு நீங்கள் தனிக் கணக்குப் போட வேண்டியதில்லை. இணைப்பு முகவரியில் 'ரீரைட் பேட்ச்டு இன்சர்ட்ஸ்' என்ற ஆப்ஷனை ட்ரூ ஆக்குங்கள். வேகம் கண்கூடாகத் தெரியும். லிஸ்டை வேறு த்ரெடுக்குக் கொடுப்பதானால் நகல் எடுத்துக் கொடுங்கள். மெத்தட் முடிந்ததும் ஜேமீட்டர் அதைக் காலி செய்துவிடும்.

இங்கேயும் ஒரு பொறி உண்டு. வரிசையின் கொள்ளளவு வழக்கமாக 5000. நிரம்பிவிட்டால் ஜேமீட்டர் முடிவைத் தூக்கி எறியாது. யூசர் த்ரெடை நிறுத்தி வைக்கும். அதாவது உங்கள் பழைய நோயே திரும்பி வரும். நொடிக்கு 200 ரிக்வெஸ்ட் என்றால், டேட்டாபேஸ் 25 நொடி தடுமாறினாலே வரிசை நிரம்பிவிடும். டெஸ்ட் முடிந்ததும் ஜேமீட்டர் லாகில் 'க்யூவெயிட்ஸ்' என்று தேடுங்கள். அப்படி ஒரு வரி இருந்தால் அந்த ரிப்போர்ட்டை வாடிக்கையாளருக்கு அனுப்பாதீர்கள். எக்ஸெப்ஷன் எதையும் மெத்தடுக்கு வெளியே விடாதீர்கள். எழுத முடியாத பேட்சை லோக்கல் ஃபைலில் கொட்டிவிட்டு மேலே போங்கள். முடிவு சேமிக்கும் போஸ்ட்கிரெஸ், சம்பள சாஃப்ட்வேரின் போஸ்ட்கிரெஸாக இருக்கவே கூடாது.

டேபிள் இரண்டு போதும். ஒன்று ஓட்டங்களுக்கு: எந்த பில்ட், எத்தனை யூசர், எப்போது தொடங்கியது, யார் எதற்காக ஓட்டினார். இதைச் சோம்பேறித்தனப்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் டேபிளில் எந்த ரோ எந்த வெர்ஷனுடையது என்று யாருக்கும் தெரியாது. இன்னொன்று சாம்பிள்களுக்கு: ஓட்டத்தின் எண், தொடங்கிய நேரம், லேபிள் (ரிக்வெஸ்டின் பெயர்), மொத்த நேரம், லேட்டன்சி (பதில் வரத் தொடங்கும்வரை ஆன நேரம்), கனெக்ட் நேரம், ரெஸ்பான்ஸ் கோட், வெற்றியா தோல்வியா, பைட் அளவு. ரெஸ்பான்ஸ் பாடி வேண்டாம். பல ரிக்வெஸ்டுகளை ஒன்றாகச் சேர்த்து அளக்கும் டிரான்சாக்ஷன் கன்ட்ரோலர் இருந்தால் அதன் மொத்தமும் உள்ளிருக்கும் ரிக்வெஸ்டுகளும் தனித்தனியாக வந்து இரட்டைக் கணக்காகும். பிரித்துக் காட்ட டேபிளில் ஒரு நெடுவரிசை வையுங்கள். லேபிளில் தொழிலாளி எண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஆயிரக்கணக்கில் லேபிள் முளைக்கும், 'குரூப் பை' போட்டு லேபிள்வாரியாகப் பார்க்கவே முடியாது.

அரை மணி நேரம் நொடிக்கு 200 என்றால் 3,60,000 ரோ. போஸ்ட்கிரெஸுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆகவே தொகுத்துச் சேமிக்காதீர்கள். நிமிடவாரியான 95-ஆவது பெர்சென்டைல்களை (நூற்றில் 95 ரிக்வெஸ்ட் எந்த நேரத்துக்குள் முடிந்தது என்ற எண்) கூட்டிச் சராசரி எடுத்தால் வருவது பெர்சென்டைல் அல்ல. மூல ரோக்கள் இருந்தால் போஸ்ட்கிரெஸின் 'பெர்சென்டைல் கான்ட்' ஃபங்ஷன் சரியான எண்ணைத் தந்துவிடும்.

பிளக்இன் தயாரானதும், அதை வைத்து ஒருமுறை, எடுத்துவிட்டு ஒருமுறை அதே 300 யூசரை ஓட்டுங்கள். நொடிக்குப் போகும் ரிக்வெஸ்ட் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூடவே ஒரு ஜேடிஎல் ஃபைலும் எழுத விட்டு, அதன் வரிகளையும் டேபிளின் ரோக்களையும் எண்ணிப் பாருங்கள். பிறகு டெஸ்ட் நடுவில் அந்த முடிவு டேட்டாபேஸை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். அப்போதும் ரிக்வெஸ்ட் குறையாமல் போனால், சனிக்கிழமைக் கூட்டத்தை வைத்து ஓட்டலாமுங்க.