வயசான நாய்க்கு கேன்சர்: நம்ம வேலூர் பக்கத்து கேள்விகளும் என் பதில்களும்

இந்த தடவ வந்ததுல நெறைய கேள்வி ஒரே விஷயத்த சுத்தியே இருந்துச்சு, அதனால கேன்சர் பத்தினத மட்டும் எடுத்து ஒண்ணா எழுதறேன்.

எங்க லேப்ரடாருக்கு 11 வயசு. தாடைக்கு கீழ ரெண்டு பக்கமும் நெல்லிக்கா சைஸுக்கு கட்டி, பின்னங்கால் முட்டிக்கு பின்னாடியும் இருக்கு. கேன்சரா இருக்கும்ன்றாங்க. இந்த வயசுல டெஸ்ட் எல்லாம் வேணுமா? சிஎம்சில காட்ட முடியாதா? – சத்துவாச்சாரி

சிஎம்சி மனுஷங்களுக்கு மட்டும் தாங்க, அங்க நாய் பாக்க மாட்டாங்க. டெஸ்ட் கண்டிப்பா வேணும். நீங்க சொல்ற இடம் எல்லாமே நெறி கட்டற இடம், லிம்போமான்ற கேன்சர்ல இப்படித்தான் வீங்கும், ஆனா நம்ம ஊர்ல உண்ணி எவ்ளோன்னு உங்களுக்கே தெரியும், உண்ணி காய்ச்சல்லயும் நெறி வீங்கும், பிளேட்லெட் கொறையும், நாய் சாப்பிடாம சுருண்டு படுத்துக்கும். அது மருந்துல சரியாகக்கூடிய வியாதி. அத கேன்சர்னு நெனச்சு கைவிட்டா எவ்ளோ பெரிய அநியாயம்! மொதல்ல ரத்தம் பாருங்க, அப்புறம் கட்டியில மெல்லிசான ஊசி குத்தி செல் எடுத்து பாக்குற டெஸ்ட், பெரும்பாலும் மயக்க மருந்து கூட தேவப்படாது.

ஒண்ணு முக்கியம், டெஸ்ட் முடியறதுக்கு முன்னாடி பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு ஆரம்பிச்சிடாதீங்க. கட்டி சுருங்கி ரிசல்ட்டையே மறைச்சிடும், பின்னாடி கீமோ குடுத்தாலும் சரியா வேலை செய்யாது. லிம்போமான்னு உறுதியாச்சுன்னா, ஒண்ணுமே பண்ணலன்னா பொதுவா ஒரு மாசம் ஒன்றரை மாசம், ஸ்டீராய்டு மட்டும்னா ஒண்ணு ரெண்டு மாசம், முழு கீமோ குடுத்தா நெறைய நாய்ங்க ஒரு வருஷம் வரைக்கும் நல்லா ஓடியாடி இருக்கும். முழுசா குணமாகறது அபூர்வம் தான். கீமோவுக்கு சென்னை வேப்பேரி வெட்டினரி காலேஜ்ல விசாரிங்க, 1903லேர்ந்து இருக்குற காலேஜ். அவ்ளோ தூரம் அலையறதும் செலவும் முடியலன்னா ஸ்டீராய்டோட வீட்லயே நிம்மதியா வெச்சிக்கறதும் சரியான முடிவு தான், அதுக்காக மனசு கஷ்டப்படாதீங்க.

நாட்டு நாய், பொட்டை, 9 வயசு. மடியில இருந்த கட்டி ஒடஞ்சு புழு வெச்சிடுச்சு. கெரசின் ஊத்த சொல்றாங்க. – குடியாத்தம்

வேணாம். கெரசின், பினாயில், பாச்சை உருண்டை எதுவும் வேணாம், புண்ணு வெந்துடும், அது நக்கி உள்ள போனா விஷம். இன்னிக்கே டாக்டர் கிட்ட தூக்கிட்டு போங்க, வலி தெரியாம மருந்து குடுத்து புழுவ எடுக்கணும். அப்புறம் வீட்ல, அரை லிட்டர் கொதிச்சு ஆறுன தண்ணில ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு தெனம் கழுவுங்க, பழைய காட்டன் டீஷர்ட் போட்டு விடுங்க, ஈ மொய்க்காம கொசுவலைக்குள்ள படுக்க வைங்க.

மடிக்கட்டியில ஏறக்குறைய பாதி தான் கேன்சர். அதனால நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து நுரையீரலுக்கு பரவலன்னா 9 வயசுலயும் தாராளமா ஆபரேஷன் பண்ணலாம். பரவியிருந்தா கூட ஒடஞ்ச புண்ணு நாத்தமும் வலியும் தாங்காம இருக்குன்னா, அத மட்டும் எடுத்துடலாமான்னு கேளுங்க. வீட்ல பொட்டைக்குட்டி வெச்சிருக்குறவங்களுக்கும் சொல்றேன், மொத ஹீட்டுக்கு, அதாவது மொத தடவ இனச்சேர்க்கை பருவம் வர்றதுக்கு முன்னாடி கருத்தடை பண்ணிட்டா இந்த கட்டி வர்றதே ரொம்ப ரொம்ப அபூர்வம்.

நித்தியகல்யாணி எலைய அரைச்சு குடுத்தா கேன்சர் போயிடும்னு எங்க பெரியம்மா சொல்றாங்க, உண்மையா? – வாலாஜாபேட்டை

பெரியம்மா சொல்றதுல ஒரு உண்மை இருக்கு. வின்கிறிஸ்டின்ற கேன்சர் மருந்து அந்த செடியிலேர்ந்து தான் எடுக்கறாங்க. தெரு நாய்ங்களுக்கு இனச்சேர்க்கையில பரவுற, பிறப்புறுப்புல ரத்தம் ஒழுகுற கட்டி வருமே, அதுக்கு வாரம் ஒரு ஊசின்னு இத போட்டா நாலு முதல் ஆறு வாரத்துல பெரும்பாலும் முழுசா கொணமாயிடும், வயசான நாய்க்கும் தான். ஆனா எலையில அந்த மருந்து இருக்குறது துளியூண்டு, கூடவே வேற விஷமும் இருக்கு, அரைச்சு குடுத்தா வாந்தியும் பேதியும் தான் மிச்சம். அந்த ஊசியே நரம்ப விட்டு வெளிய கசிஞ்சா சதை அழுகிடும், அவ்ளோ வீரியம். வீட்ல பண்ற வைத்தியம் இல்லைங்க இது.

கீமோ போட்டதுலேர்ந்து சோறே துன்றதில்ல, பிரியாணி வெச்சா மட்டும் துன்னுது. குடுக்கலாமா? – ஆம்பூர்

வாசனைக்கு தான் துன்னுது. பிரியாணியில வெங்காயமும் பூண்டும் நெறைய, கூட வெக்கற கத்திரிக்காயிலயும் அதே தான், வெங்காயம் பூண்டு ரெண்டுமே நாயோட ரத்த அணுவ ஒடைக்கும், கீமோவுல ஏற்கனவே ரத்தம் கொறஞ்சிருக்கும். வெந்த எலும்பு கொடல கிழிச்சிடும். அதுக்கு பதிலா உப்பு காரம் இல்லாம எலும்பில்லாத சிக்கன வேக வெச்சு, அந்த தண்ணியோட கொஞ்சம் சோத்த பெசஞ்சு வெதுவெதுப்பா குடுங்க, சூடு இருந்தா வாசனை தூக்கும், துன்னும். அவிச்ச முட்டை, கொஞ்சம் தயிர் ஓகே. பச்சைக் கறி வேணாம், எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்குற நேரம். கொமட்டல் இருக்கான்னு பாருங்க, எச்சி ஒழுகும், கிண்ணத்துகிட்ட வந்து மூஞ்ச திருப்பிக்கும், அதுக்கு மாத்திரை இருக்கு, கேட்டு வாங்குங்க. ஊசி போட்டு ஒரு வாரம் பத்து நாள்ல ஒடம்பு 103 டிகிரி தாண்டுச்சுன்னா விடியட்டும்னு இருக்காதீங்க, ராத்திரியே போங்க.

ஜெர்மன் ஷெப்பர்ட், முன்னங்கால் எலும்புல கேன்சர், நொண்டுது. டோலோ குடுக்கலாமா? – காட்பாடி

நீங்களா குடுக்காதீங்க. டைக்ளோஃபெனாக், புரூஃபென் அதவிட மோசம், வயித்துல புண்ணாகும், கிட்னி போயிடும். நாய்க்குன்னு வலி மருந்து இருக்கு, எடை பாத்து டாக்டர் எழுதுவார், ஆனா ஸ்டீராய்டு ஓடும்போது மெலாக்ஸிகாம் மாதிரி வலி மருந்து சேர்த்து குடுக்கவே கூடாது. எலும்பு கேன்சர் வலி ரொம்ப கொடுமை, நாய் கத்தாது, அதனால வலி இல்லன்னு நாம நெனச்சிக்கறோம். டைல்ஸ் தரையில கோணி விரிச்சு விடுங்க, மாடிப்படி ஏற விடாதீங்க, கத்திரி வெயில்ல காலைல ஆறு மணிக்குள்ள வெளிய போயிட்டு வந்துடுங்க.

எப்ப போதும்னு எப்படி தெரிஞ்சிக்கறது டாக்டர்? – ராணிப்பேட்டை

அமெரிக்காவுல ஆலிஸ் வில்லலோபோஸ்னு ஒரு வெட்டினரி டாக்டர் ஒரு கணக்கு குடுத்திருக்காங்க. வலி, பசி, தண்ணி குடிக்கறது, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளவிட நல்ல நாள் ஜாஸ்தியா இருக்கா, இந்த ஏழுல ஒவ்வொண்ணுக்கும் பத்துக்கு மார்க் போட்டு (நல்லா இருந்தா மார்க் ஜாஸ்தி), மொத்தம் 35க்கு மேல வந்தா கவனிப்ப தொடரலாம். காலண்டர்ல தெனம் நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போடுங்க, வீட்ல எல்லாரும் பாக்கட்டும். கேட்டுக்கு வந்து வால் ஆட்டறத நிறுத்திடுச்சு, மூத்தரத்துலயே கெடக்குது, மருந்து குடுத்தும் மூச்சு வாங்குதுன்னா இன்னும் இழுக்காதீங்க, வலியில்லாம உயிர் போக வைக்கற கருணைக்கொலை ஊசிக்கு டாக்டர் கிட்ட கேளுங்க. மொதல்ல தூக்க மருந்து, அப்புறம் மயக்க மருந்த அதிக அளவுல நரம்புல போடுவாங்க, வலி இருக்காது. கண்ணு மூடாது, போனதுக்கப்புறம் ஒரு ரெண்டு மூச்சு இழுக்கலாம், பயந்துடாதீங்க. கூடவே இருங்க, உங்க கை அது மேல இருக்கட்டும். பாவம் பண்றோம்னு அழறவங்கள நெறைய பாத்திருக்கேன், வலியில விட்டு வெக்கறத விட இது பெரிய அன்புன்னு நான் மனசார நம்பறேன்.

பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா, வீட்ல நாய்க்கு கீமோ நடக்குது. ஆபத்தா? – அணைக்கட்டு

தொட்டு கொஞ்சலாம், தப்பில்ல. ஊசி போட்ட மூணு நாளைக்கு மூத்திரம், மலம், வாந்தி மட்டும் அவங்க தொட வேணாம். வேற யாராவது கையுறை போட்டு அள்ளிட்டு நெறைய தண்ணி ஊத்தி கழுவிடுங்க. மாத்திரையா குடுக்கறதா இருந்தா ஒடைக்காதீங்க, பொடி பண்ணாதீங்க, அந்த மாத்திரைய பொண்ணு கையால தொடவே கூடாது.