15 லட்சம் கடனை விடவா பரங்கிமலை பயமுறுத்துகிறது?

விருதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் இந்த ஆண்டு பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறார். கல்லூரியில் என்.சி.சி., 'சி' சான்றிதழில் 'பி' கிரேடு. ராணுவ அதிகாரியாகப் போக வேண்டும், சென்னை பரங்கிமலையில் உள்ள ராணுவ அதிகாரிகள் பயிற்சி நிலையமான ஓ.டி.ஏ.வில் சேர வேண்டும் என்கிறார். பெரியப்பா ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. சீட்டுக்குப் பேசி வைத்துவிட்டார். இரண்டு ஆண்டுக்கு 15 லட்சம், வீட்டுப் பத்திரத்தின் பேரில் கடன். "பொம்பளப் பிள்ளைய அடிச்சு நொறுக்குற இடத்துக்கா அனுப்பப் போற?" என்கிறார் அத்தை. அப்பாவின் கேள்வி ஒன்றுதான்: உள்ளே பிள்ளையை என்ன செய்வார்கள், தாங்குவாளா?

ஐயா, முதலில் கடனைப் பேசிவிடுவோம். 15 லட்சத்தை 10 சதவீத வட்டியில் பத்தாண்டில் அடைப்பதென்றால் மாதம் ஏறக்குறைய 19,800 ரூபாய். படிக்கும் இரண்டு ஆண்டுக்கு ஏறும் வட்டி இதில் சேரவில்லை. அந்தக் கல்லூரியில் போன வருடம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று எழுத்தில் கேளுங்கள். அதிகபட்சச் சம்பளத்தை மட்டும் பிளக்ஸ் போர்டில் போட்டுவிட்டு மற்றதைச் சொல்லாத கல்லூரிக்கு வீட்டுப் பத்திரம் போகக் கூடாது. பெரியப்பா நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் தவணை கட்டப்போவது அவர் இல்லை.

பிள்ளை கேட்பது என்ன என்று இப்போது பார்ப்போம். ஓ.டி.ஏ. 1963-ல் தொடங்கியது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சி 49 வாரம், ஏப்ரலில் ஒரு அணி, அக்டோபரில் ஒரு அணி. கட்டணம் கிடையாது. மாறாக மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. மெஸ், உடுப்பு என்று பிடித்தங்கள் போகத்தான் கைக்கு வரும். முடித்தவுடன் லெப்டினன்ட் பதவியோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுகலைப் பட்டயமும் உண்டு.

உள்ளே ஒரு நாள் எப்படிப் போகும்? விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். இருட்டிலேயே வரிசையில் நின்று தலை எண்ணிக்கை, பிறகு பி.டி., அதாவது ஓட்டம், கயிறு ஏறுதல், தண்டால். குளித்துச் சாப்பிட்டு அடுத்தது டிரில். பின்பு ஆயுதப் பயிற்சி, வரைபடம் படிப்பது, போர்த்தந்திர வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் மூச்சு விடலாம். மாலையில் விளையாட்டு, இரவில் மெஸ்ஸில் முறையான உடையில் உணவு, பிறகு படிப்பு, மறுநாளுக்கான பாலிஷும் இஸ்திரியும். இதில் ஆளை உடைப்பது ஓட்டமல்ல, உடை மாற்றம். பி.டி. உடை, டிரில் உடை, டங்கிரி என்னும் முழு நீள வேலை உடை, விளையாட்டு உடை, மெஸ் உடை என்று நாளுக்கு ஐந்தாறு முறை மாற்ற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம்தான். ஒருவர் தாமதித்தால் மொத்த அணிக்கும் தண்டனை. முந்தின இரவே ஐந்து உடையையும் அணியும் வரிசையில் அடுக்கி, பூட்ஸ் நாடாவைத் தளர்த்தி வைத்துவிட்டுப் படுப்பவர்கள் தப்பிக்கிறார்கள். காலையில் சாக்ஸ் தேடுபவர்கள் மாட்டுகிறார்கள். இந்தப் பழக்கத்தை உங்கள் வீட்டில் இன்றைக்கே தொடங்கலாம், காசு ஆகாது.

தண்டனைகளும் உண்டு, மறைக்க ஒன்றுமில்லை. கேடட்கள் இதை 'ரக்டா' என்பார்கள். தரையில் உருளுதல், முழங்கையில் ஊர்தல், முழு உடுப்பும் மூட்டையுமாகக் குறித்த நேரங்களில் போய் ஆஜராவது. கெட்ட வார்த்தை காதில் விழாமல் இருக்காது. தூக்கம் குறையும், வகுப்பில் கண் சொக்கும். தூங்கினால் அதற்கும் தண்டனை, ஆகவே கண் சொக்கினால் எழுந்து பின்னால் போய் நிற்பதே அங்கே வழக்கம். முதல் சில வாரங்கள் போன் கைக்கு வராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பேசவில்லையே என்று கேட் வாசலில் போய் நிற்காதீர்கள். டிரில் தேர்வில் தேறும்வரை ஊருக்குள் போக அனுமதியும் கிடையாது. பெண்களுக்குத் தங்குமிடம் தனி, பயிற்சி ஆண்களோடு சேர்ந்து. முடியைக் கட்டையாக வெட்டிவிடுவார்கள். அத்தைக்கு இதை இப்போதே சொல்லிவிடுங்கள், பரேட் நாளில் வந்து அழ வேண்டாம்.

டிரில் கட்டளைகள் இந்தியில்: சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல், தம். என்.சி.சி.யில் மூன்று வருடம் கேட்டதுதான், புதிதல்ல. வகுப்புகள் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் பயிற்சி தரும் உஸ்தாதுகள் இந்தியில் பேசுவார்கள், நாளைக்கு உங்கள் மகளுக்குக் கீழே வேலை பார்க்கப்போகும் சிப்பாய்களும் பெரும்பாலும் அப்படியே. பேச்சு இந்தியை ஆறு மாதத்தில் ஓரளவு பிடித்துக்கொள்ளலாம்.

வெளியேற நேர்வது எதனால் என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பயந்து ஓடிப்போகிறவர்கள் சொற்பம். கால்தான் கெடுக்கும். தோளில் துப்பாக்கி, முதுகில் மூட்டையுடன் 10, 20, 30 கிலோமீட்டர் நடையும் ஓட்டமும் வரும். பழக்கமில்லாத கணுக்கால் எலும்பு திடீரென்று சுமை ஏறினால் மயிரிழையாய் விரிசல் விடும். உயரம் குறைந்த பெண்கள் நெடியவர்களோடு அடி சேர்க்க எட்டி எட்டி நடக்கும்போது இடுப்பிலும் கெண்டைக்கால் எலும்பிலும் பாரம் இன்னும் கூடும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் ஒரே புள்ளியில் விரல் வைத்தால் சுள்ளென்று வலித்தால் அது தசைவலி இல்லை, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். 'பின்தங்கிவிடுவேன்' என்று மறைத்து ஓடியவர்களுக்கு விரிசல் முறிவாகும். பயிற்சி நாட்கள் அதிகம் தவறினால், தேர்வுகளில் தேறாவிட்டால், அடுத்த அணியோடு ஆறு மாதம் பின்தள்ளிவிடுவார்கள். அது அவமானம் இல்லை. ஆனால் மனதை ரொம்பவே அரிக்கும்.

அடுத்தது சென்னையின் புழுக்கம். நனைந்த சாக்ஸும் உள்ளாடையும் மாற்றாவிட்டால் விரலிடுக்கிலும் தொடையிடுக்கிலும் படை வரும். அதோடு நடைப்பயிற்சி என்றால் தோல் உரிந்துவிடும். பருத்தி சாக்ஸ் பத்து ஜோடி, கால் பவுடர், உராயாத உள்ளாடை, கொப்புளத்துக்கு ஒட்டும் டேப். இவை பெட்டியில் முதலில் போக வேண்டியவை. அம்மா கட்டித்தரும் முறுக்கு அப்புறம்.

சேருமுன் உடல் எந்த அளவில் இருக்க வேண்டும் என்பதையும் ராணுவம் சொல்லிவிடுகிறது. சமீபத்திய அறிவிக்கைகளில் பெண்களுக்கு 2.4 கிலோமீட்டர் 13 நிமிடத்தில், தண்டால் 15, சிட்-அப் 25, புல்-அப் 2. நீச்சலும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். புல்-அப்தான் நம்மூர்ப் பெண்களை அழவைப்பது. இதற்கு வழி: வாரம் மூன்று நாள், முதலில் கம்பியில் 30 விநாடி வெறுமனே தொங்குவது. அது பழகியபின் நாற்காலி மேலேறி முகவாய் கம்பிக்கு மேல் வரும்படி நின்று, ஐந்து விநாடி எடுத்து மெதுவாகக் கீழே இறங்குவது, ஐந்து முறை. மூன்று மாதத்தில் ஒன்றாவது முழுதாக வரும். ஓட்டத்தை வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டக் கூடாது. ஒரே வாரத்தில் இரட்டிப்பாக்கியவர்களுக்குப் பரங்கிமலைக்குப் போகுமுன்பே கால் போய்விடும். ஹீமோகுளோபினும் வைட்டமின் டி-யும் இந்த மாதமே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

நுழைய உங்கள் மகளுக்கு இரண்டு கதவு திறந்திருக்கிறது. ஒன்று என்.சி.சி. சிறப்பு நுழைவு: 'சி' சான்றிதழில் குறைந்தது 'பி' கிரேடு, பட்டப்படிப்பில் 50 சதவீதம், வயது 19 முதல் 25. எழுத்துத் தேர்வே கிடையாது, நேராக எஸ்.எஸ்.பி., அதாவது படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்காணல். ஊரில் யாருக்கும் தெரியாமல் கிடப்பது இதுதான். மற்றது படை அதிகாரிப் பணிக்காக யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் சி.டி.எஸ். தேர்வு. ஓ.டி.ஏ.வுக்கு ஆங்கிலமும் பொது அறிவும் மட்டும், கணிதத் தாள் இல்லை. பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் இல்லை. இடங்கள் குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறப்பு நுழைவில் பெண்களுக்கு ஒரு அணிக்கு ஒற்றை இலக்கம்தான், சி.டி.எஸ்.ஸில் சமீப ஆண்டுகளில் 20-க்கும் கீழே. ஆகவே இரண்டிலும் விண்ணப்பிக்க வேண்டும்.

எஸ்.எஸ்.பி. ஐந்து நாள். முதல் நாளே வடிகட்டிப் பாதிக்கு மேல் திருப்பி அனுப்புவது சாதாரணம். மீதி நாட்களில் படம் பார்த்துக் கதை எழுதுவது, 15 விநாடிக்கு ஒன்றாக 60 சொற்களுக்கு வாக்கியம், அரை மணியில் 60 சூழ்நிலைகளுக்குப் பதில், பிறகு களத்தில் குழுப் பணிகள், நேர்காணல். உளவியலாளர், களத்தில் பார்ப்பவர், நேர்காணல் செய்பவர் மூவரும் தனித்தனியாகக் கணித்துக் கடைசியில் ஒப்பிடுவார்கள். மனப்பாடப் பதில்கள் அங்கேதான் பிடிபடும். இதற்காக லட்சம் கட்டிப் பயிற்சி நிலையத்துக்குப் போக வேண்டாம். தினமும் அரை மணி ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசுவதும் செய்தித்தாளும் போதும். முதல்முறை போகிறவர்களுக்கு மூன்றடுக்கு ஏசி ரயில் கட்டணமும் திரும்பக் கிடைக்கும், டிக்கெட்டைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பல், தட்டைப்பாதம், முழங்கால் ஒட்டுதல், காதழுக்கு இவற்றை முன்பே ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். சொத்தைப் பல்லை நேர்காணலுக்குப் பிறகு அடைப்பதைவிட இப்போதே அடைப்பது மலிவு.

இனி, நீங்கள் கேட்காமல் விட்டவை. இது குறுகிய காலப் பணி: பத்தாண்டு, விரும்பினால் மேலும் நான்கு. ஓய்வூதியத்துக்கு இருபதாண்டு வேண்டும், ஆகவே பதினான்கில் வெளியே வந்தால் பணிக்கொடை உண்டு, மாத ஓய்வூதியம் இல்லை. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு பெண்களும் நிரந்தரப் பணிக்குப் போட்டியிடலாம், ஆனால் எல்லாருக்கும் கிடைக்கும் என்று நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பயிற்சியின்போது திருமணம் கூடாது. சொந்தக் காரணத்துக்காகப் பாதியில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட நேரும். பலத்த காயத்தால் மருத்துவக் காரணத்தில் அனுப்பப்படும் கேடட்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதியோ, அதிகாரிகளுக்கான ஊனமுற்றோர் ஓய்வூதியமோ இல்லாமல் குறைந்த உதவித்தொகை மட்டும் கிடைத்துவந்தது. 2025-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. பிள்ளையோடு உட்கார்ந்து பேச வேண்டியது இதைத்தான். 'கஷ்டப்படுவாளே' என்பதை அவர் ஏற்கெனவே யோசித்துவிட்டார்.

எம்.பி.ஏ. எங்கும் போய்விடாது. முப்பதைத் தாண்டி ராணுவத்தை விட்டு வரும் அதிகாரிகளுக்கென்றே ஐ.ஐ.எம்.களில் ஆறு மாத மேலாண்மைப் படிப்புகள் நடக்கின்றன. அப்போது கட்டணத்தை அவரே கட்டுவார்.

நான் சொல்வது இது: இரண்டு ஆண்டு கொடுங்கள். இடையில் அரசுக் கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியலில் சேர்த்துவிடுங்கள், வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும், எஸ்.எஸ்.பி.க்கு ஐந்து நாள் விடுப்பு எடுத்தால் படிப்பு கெடாது. இரண்டு ஆண்டில் அழைப்பு வராவிட்டால் கையில் பட்டம் இருக்கும், கடன் இருக்காது. அதற்கு மேலும் முயல விரும்பினால், ஒரு வேலையில் இருந்துகொண்டு முயலட்டும். மகளுக்கே விருப்பமில்லாமல் நீங்கள் தள்ளியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன், அப்படிப் போகிறவர்கள் முதல் ரக்டாவிலேயே திரும்பி வந்துவிடுவார்கள். இங்கே கேட்பது அவர்தான், அதனால் பெரியப்பாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்தில் முன்பணம் கட்டியிருந்தால், திரும்பப் பெறும் கடைசித் தேதி எது என்று நாளைக்கே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சிறப்பு நுழைவு அறிவிக்கை ஆண்டுக்கு இருமுறை ராணுவத்தின் ஆட்சேர்ப்பு இணையதளத்தில் வரும். விண்ணப்பத்தில் பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியல் விரித்து எழுதுவதில் நம்மூர்ப் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஆதார், பட்டச் சான்றிதழ், என்.சி.சி. சான்றிதழ் மூன்றிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லையென்றால் திருத்த இரண்டு மாதம் பிடிக்கும்.