விசிட் விசாவில் சவூதி போகலாமா?

எட்டாவதோடு நின்ற உங்கள் தம்பியை விசிட் விசாவில் சவூதிக்கு வேலைக்கு அனுப்ப, மாட்டுத்தாவணி ஏஜென்ட் 1,20,000 ரூபாய் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாங்க. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட் ஈ.சி.ஆர். வகை, அதாவது சவூதி போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். விசிட் விசா என்பது அதைச் சுற்றிப்போகும் குறுக்கு வழி. விபத்தில் உயிருக்கே ஏதாவது ஆனால் 10 லட்சம் தரும் பிரவாசி பாரதிய பீமா என்ற அரசுத் திட்டக் காப்பீடும் இருக்காது.

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம் என்பதே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் உங்கள் ஏஜென்ட்டின் பதிவு எண்ணைத் தேடிப் பாருங்கள்.

எங்கள் மேலூர்ப் பக்கம் ஒருவர் இப்படித்தான் மனைவியின் ஆறு பவுனை அடகு வைத்துப் போனார். ஊருக்கு அனுப்பிய பணம் இரண்டு வருடம் வட்டிக்கே சரியாகப் போனது. வீட்டுக்குப் போட்ட அஸ்திவாரத்தில் இப்போது கருவேலம் நிற்கிறது. சரி, அப்புறம் ஒன்று: முன்பணம் கொடுத்துவிட்டீர்களா?