ஆடிட்டர் இல்லாத கம்பெனியில் உங்கள் சொல்லுக்கு என்ன மதிப்பு?

தம்பிக்கு வணக்கம். பாலக்கோட்டில் பிறந்து, ஓசூரில் ஆர்டிகிள்ஷிப் (ஆடிட்டரிடம் தொழில் பயிற்சி) செய்து, சி.ஏ. முடித்து, இங்கிலாந்தில் ஒரு சிறு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இப்போதுதான் சேர்ந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் அனுப்பிய சரக்கின் பில்லை, டிசம்பரோடு முடிந்த ஆண்டின் கணக்கில் ஏற்றச் சொல்கிறார் நிதி இயக்குநர். "ஊரில் என்றால் ஆடிட்டர் பிடித்துவிடுவார். இங்கே ஆடிட்டரே கிடையாதாம். விசாவும் அவர்கள் கையில். புதிதாக வந்தவன் வாயைத் திறக்கலாமா, அண்ணா?" என்று கேட்கிறீர்கள்.

திறக்க வேண்டும். எப்படித் திறப்பது என்பதில்தான் சூட்சுமம்.

நான் இப்போது விடுமுறைக்குக் கிருஷ்ணகிரி வந்திருக்கிறேன். மாங்கூழ் ஆலைகளின் வாசலில் பெங்களூரா மாம்பழம் ஏற்றிய வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் பருவம். என் அண்ணனும் அண்ணியும் மட்டுமே இயக்குநர்களாக உள்ள சின்னஞ்சிறு பிரைவேட் லிமிடெட் ஒன்று இங்கே இருக்கிறது. வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதற்கு ஆடிட் கட்டாயம். நம் 2013 கம்பெனிகள் சட்டம் அப்படி. பிரிட்டனில் கதை வேறு. 2025 ஏப்ரல் 6 முதல் தொடங்கும் கணக்காண்டுகளில் விற்றுமுதல் 1.5 கோடி பவுண்டு, சொத்து 75 லட்சம் பவுண்டு, ஊழியர் 50 பேர் என்ற மூன்று வரம்புகளில் இரண்டைத் தாண்டாத கம்பெனி பெரும்பாலும் ஆடிட் இல்லாமலே கணக்கைத் தாக்கல் செய்யலாம். ஆகவே உங்கள் கம்பெனி எதையோ மறைக்கிறது என்று இதை வைத்து முடிவு கட்டாதீர்கள். அதே சமயம், ஊரில் ஆடிட்டர் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை அங்கே கேட்க உங்களை விட்டால் ஆள் இல்லை.

ஆடிட்டர் இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடாது என்பது தனி விஷயம். 2018-இல் கவிழ்ந்த கரிலியன் என்ற பிரிட்டிஷ் கட்டுமானக் கம்பெனியின் தணிக்கையில் செய்த தவறுகளுக்காக, அதன் ஆடிட்டரான கே.பி.எம்.ஜி.க்கு அந்நாட்டு நிதி அறிக்கைக் கவுன்சில் 2023-இல் 2.1 கோடி பவுண்டு அபராதம் விதித்தது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது பிரிட்டிஷ் போஸ்ட் ஆபீஸ் விவகாரம். ஹொரைசன் என்ற கணினி முறை காட்டிய பற்றாக்குறையை நம்பி, துணை அஞ்சலகம் நடத்திய நூற்றுக்கணக்கானோரைத் திருடர்கள் என்று தண்டித்தார்கள். 2012-இல் போஸ்ட் ஆபீஸே செகண்ட் சைட் என்ற தடயவியல் கணக்காய்வு நிறுவனத்தை அமர்த்தியது. அவர்கள் 2013-இல் தந்த இடைக்கால அறிக்கையிலேயே ஹொரைசனின் கோளாறுகளைக் குறிப்பிட்டார்கள். 2015-இல் போஸ்ட் ஆபீஸ் அவர்களை அனுப்பிவிட்டது. 2019-இல் நீதிமன்றம் கணினி முறையில் பிழைகள் இருந்தன என்று தீர்ப்பளித்தது. கூலி கொடுப்பவருக்குப் பிடிக்காததை எழுதி வைத்தவர்கள் கணக்குக்காரர்கள். பதவியும் இல்லை, அதிகாரமும் இல்லை; எழுதி வைத்தது நின்றது.

உங்கள் பில் சமாசாரத்துக்கு வருகிறேன். நான் இங்கே ஆர்டிகிள் பையனாக இருந்தபோது ஒரு மாங்கூழ் ஆலைக்கு மார்ச் 31 கணக்குக்காகப் போனோம். கிடங்கில் பெட்டிக்கு ஆறு டின் வீதம் கூரை வரை அடுக்கு. நான் எண்ணத் தொடங்கினேன். எங்கள் ஆடிட்டர் கிடங்குப் பக்கமே வராமல், வாசல் காவலாளியிடம் போய்ப் பதிவேட்டைக் கேட்டார். மார்ச் கடைசியில் பில் போட்ட ஒரு லோடு, ஏப்ரல் முதல் வாரத்தில்தான் வாசலைத் தாண்டியிருந்தது. பில்லையும் பதிவேட்டையும் முதலாளியின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "எதை வைத்துக்கொள்ளட்டும்?" என்று மட்டும் கேட்டார். முதலாளி பெருமூச்சு விட்டு பில்லைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சத்தம் இல்லை, உபதேசம் இல்லை.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். கிடங்கில் இருக்கும்போதே சரக்கு வாங்குபவருடையதாகிவிடும் என்ற ஷரத்து இருந்தால் டிசம்பரே சரியாக இருக்கலாம், நீங்கள் வீணாகப் பகை தேடிக்கொள்ளக் கூடாது. இல்லையென்றால் நிதி இயக்குநருக்கு ஒரு மின்னஞ்சல்: டெலிவரி நோட்டில் ஜனவரித் தேதி இருக்கிறது, எந்த ஆதாரத்தைக் காட்டி டிசம்பரில் ஏற்றுவது? இவ்வளவுதான். இவ்வளவு விற்பனை காட்டியாக வேண்டும் என்ற வங்கிக் கடன் நிபந்தனையோ போனஸோ இப்படிப்பட்ட அவசரத்துக்குப் பின்னால் இருக்கும். எழுத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றதும் பலர் பின்வாங்கிவிடுவார்கள்.

பின்வாங்காவிட்டால் அந்தப் பதிவை நீங்கள் போடாதீர்கள். நிர்வாக இயக்குநரிடம் கொண்டு போங்கள். முறைகேட்டை உரிய வழியில் எடுத்துச் சொல்பவரை பிரிட்டனின் 1998-ஆம் ஆண்டு பொதுநல வெளிப்படுத்தல் சட்டம் பாதுகாக்கிறது. இத்தனை காலம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் இதற்குக் கிடையாது. புரொடெக்ட் என்ற தொண்டு நிறுவனம் இலவசமாக ஆலோசனை தருகிறது. நம் சி.ஏ. நிறுவனத்தின் நடத்தை விதியும் கடல் தாண்டி உங்களோடு வந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

விசா பயம் நியாயமானதுதான். வேலை போனால் புதிய ஸ்பான்சரை, அதாவது விசாவுக்குப் பொறுப்பேற்கும் வேறு கம்பெனியைத் தேட வழக்கமாகத் தரும் அவகாசம் 60 நாள். சட்டம் பாதுகாக்கும் என்று சொல்லிவிட்டு அதை உங்களிடம் மறைப்பது யோக்கியமில்லை. அதனால் மின்னஞ்சல் அனுப்பும் வாரத்திலேயே வேறு இடங்களுக்கும் விண்ணப்பிக்கத் தொடங்குங்கள்.

ஒன்றே ஒன்று. ஆதாரத்துக்கு என்று கம்பெனிக் கோப்புகளை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி வைத்துவிடாதீர்கள். பேச்சு பில்லை விட்டு உங்கள் பக்கம் திரும்பிவிடும். யார் என்ன சொன்னார், எந்தத் தேதியில் என்று கையால் குறித்து வையுங்கள், போதும். மின்னஞ்சல் வாசகத்தை அனுப்பும் முன் பெயர்களை எடுத்துவிட்டு எனக்குப் படித்துக் காட்டுங்கள். இந்த மாதம் முழுக்க ஊரில்தான் இருப்பேன்.