எல்லைப்புற ஊரில் வேலை, 75,000 டாலர் கடன் அடைப்பு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: டாலஸில் இருக்கிறேன். கணவரின் வேலை மூலமாக கிரீன் கார்டு வந்து நான்கரை வருடம் ஆகிறது. நர்ஸிங் பட்டம், பிறகு நர்ஸ் பிராக்டிஷனர் (நோயாளியைப் பார்த்து மருந்து எழுதித் தரும் உயர்நிலை நர்ஸ்) முதுகலை இரண்டையும் இங்கேயே முடித்தேன். முதுகலைக்கு வாங்கிய அரசுக் கடன் 58,000 டாலர். இளநிலைக்குத் தனியார் வங்கியில் வாங்கியதில் 22,000 பாக்கி. நர்ஸிங்குக்கு வருமுன் ஒரு வருடம் கணக்கியல் படித்த வகையில் அதே வங்கியில் 9,000. பெரியப்பா கொடுத்த 15,000 தனி. இப்போது டெக்சாஸின் தென்கோடியில், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில், ஒரு தனியார் கிளினிக்கில் வேலை வந்திருக்கிறது. "அந்தக் கவுண்டியே மருத்துவப் பற்றாக்குறைப் பகுதி. இரண்டு வருடம் இருந்தால் அரசாங்கம் 75,000 டாலர் கடனை அடைத்துவிடும்" என்கிறார் வேலைக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட். மூன்று வருடம் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் 10,000 டாலர் சைன்-ஆன் போனஸும் (வேலையில் சேர்வதற்காகத் தரும் தொகை) உண்டாம். விண்ணப்ப வேலையைப் பார்த்துக்கொள்ள ஒரு கம்பெனி 1,200 டாலர் கேட்கிறது. இதையெல்லாம் நம்பி வீடு மாறலாமா?

பதில்: அந்த 75,000-க்காக மட்டும்தான் என்றால், மாறாதீர்கள் சகோதரி. இன்றைய நிலையில் அந்தத் திட்டத்தில் உங்களால் விண்ணப்பிக்கவே முடியாது. ஏஜென்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டார். ஆள் சேர்ந்ததும் அவருக்குக் கமிஷன் வந்துவிடும். கடன் அடைந்ததா இல்லையா என்பது அவர் கவலை இல்லை.

அவர் சொல்வது நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் என்ற மத்திய அரசுத் திட்டம். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. ஹெச்.ஆர்.எஸ்.ஏ. என்ற சுகாதாரத் துறை அமைப்பு நடத்துகிறது. நர்ஸ் பிராக்டிஷனர் முழுநேரமாக இரண்டு வருடம் வேலை பார்த்தால் 75,000 டாலர் வரை உண்டு என்பது உண்மைதான். 2024-இல்தான் 50,000-லிருந்து இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். மொத்தத் தொகையையும் தொடக்கத்திலேயே தந்துவிடுவார்கள், மத்திய வருமான வரியும் கிடையாது. ஸ்பானிஷ் பேச்சுத் தேர்வில் தேறினால் மேலும் 5,000 வரை. (தமிழுக்கு அங்கே மவுசு இல்லை.) எல்லாம் சரி, ஆனால் விண்ணப்பிப்பவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. உங்களுக்குக் கதவு இங்கேயே மூடிவிடுகிறது.

ஆனால் பக்கத்தில் இன்னொரு கதவு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம்மவர்களில் கிரீன் கார்டு நர்ஸ்கள் பலருக்கு இது தெரியவே தெரியாது. நர்ஸ் கோர் கடன் அடைப்புத் திட்டம் என்று பெயர். இதையும் அதே ஹெச்.ஆர்.எஸ்.ஏ.தான் நடத்துகிறது. இதில் கிரீன் கார்டு செல்லும். அதே லைசென்ஸ், அதே ஊர், அதே நோயாளிகள். ஒரு திட்டத்துக்கு நீங்கள் வெளியாள், இன்னொன்றுக்கு வேண்டியவர். இது ஏன் இப்படி என்று கேட்டால் அவரவர் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்பார்கள். டாக்டரோ நர்ஸோ கிடைக்காத ஊருக்கு ஆள் அனுப்பத்தான் இரண்டு சட்டங்களும் வந்தன என்பது யாருக்கும் நினைவில் இல்லை.

நர்ஸ் கோரில் தகுதியுள்ள கடனில் 60 சதவீதத்தை இரண்டு வருடத்தில் தருவார்கள். மூன்றாம் வருடமும் தொடர அனுமதி கிடைத்தால், ஆரம்பக் கடனில் மேலும் 25 சதவீதம். தகுதியுள்ள கடன் என்றால் நர்ஸிங் படிப்புக்காக வாங்கிய கடன் மட்டும். உங்கள் கணக்கில் 58,000-மும் 22,000-மும் சேர்த்து 80,000. கணக்கியலுக்கு வாங்கிய 9,000 சேராது. பெரியப்பாவின் 15,000-மும் சேராது. சொந்தக்காரர் கொடுத்த பணத்துக்குப் பத்திரம் எழுதி நோட்டரி வைத்திருந்தாலும் செல்லாது, வங்கியோ அரசோ கொடுத்த கடன்தான் கடன். ஆக இரண்டு வருடத்துக்கு 48,000, மூன்றாம் வருடமும் அமைந்தால் இன்னும் 20,000. கையில் அவ்வளவும் வராது. இதற்கு வரி உண்டு; வருமான வரி, சமூகப் பாதுகாப்பு வரி எல்லாம் பிடித்துக்கொண்டு மீதியை மாதாமாதம் போடுவார்கள். நர்ஸிங் பட்டம் அமெரிக்கக் கல்லூரியில் வாங்கியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உங்களுக்குப் பொருந்துகிறது. சென்னையிலோ மதுரையிலோ பி.எஸ்ஸி. நர்ஸிங் முடித்துவிட்டு அந்தப் பட்டத்தோடு மட்டும் இங்கே வேலை பார்ப்பவர்கள் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

இதுவும் கட்டாயம் கிடைக்கும் என்பதில்லை. விண்ணப்பம் குவியும், பணம் அளவானது. சம்பளத்தோடு ஒப்பிட்டால் யாருக்குக் கடன் அதிகம், வேலை பார்க்கும் இடத்தின் பற்றாக்குறை மதிப்பெண் எவ்வளவு, இந்த இரண்டையும் வைத்துத்தான் வரிசை போடுகிறார்கள். நர்ஸ் பிராக்டிஷனர் சம்பளம் உங்கள் கடனைவிட அதிகமாகவே இருக்கும் என்பதால் வரிசையின் முன்னால் நீங்கள் நிற்க மாட்டீர்கள். அதனால்தான் முதல் வரியிலேயே அப்படிச் சொன்னேன். இந்தப் பணம் வராமலே போனாலும் அந்தச் சம்பளத்துக்கு, அந்த ஊரில், அந்த வேலையைப் பார்ப்பீர்களா? ஆம் என்றால் போங்கள்.

இனி ஏஜென்டின் அடுத்த வாக்கியம். "கவுண்டியே பற்றாக்குறைப் பகுதி" என்கிறார். இருக்கலாம். ஊர் பற்றாக்குறைப் பட்டியலில் இருப்பது வேறு, அந்த ஊரில் இருக்கும் கிளினிக் திட்டத்தில் அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு. இந்த ஒரு குழப்பத்தை வைத்தே எத்தனை பேரைக் குடிபெயர வைத்துவிட்டார்கள்! ஹெல்த் சர்வீஸ் கோருக்கு கிளினிக் தனியாக விண்ணப்பித்து அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும். அப்படி வாங்கிய இடம் மெடிகெய்ட் (ஏழைகளுக்கான அரசுக் காப்பீடு), மெடிகேர் (முதியோருக்கானது) நோயாளிகளை ஏற்க வேண்டும். வருமானத்துக்கு ஏற்ற கட்டணக் குறைப்பு வைத்திருக்க வேண்டும். பணமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பமாட்டோம் என்ற அறிவிப்பை வரவேற்பறையில் மாட்டியிருக்க வேண்டும். நேர்காணலுக்குப் போகும்போது காத்திருப்போர் இடத்தில் உட்கார்ந்து சுவரைப் பாருங்கள். அறிவிப்பு இல்லை, மேஜையில் இருக்கும் பெண்ணிடம் கட்டணக் குறைப்புப் படிவம் கேட்டால் விழிக்கிறார் என்றால், ஏஜென்ட் சொன்னது பாதி தெரிந்துவிடும். மீதியை ஹெச்.ஆர்.எஸ்.ஏ.வின் ஹெல்த் வொர்க்ஃபோர்ஸ் கனெக்டர் தளத்தில் கிளினிக்கின் பெயரைப் போட்டுப் பாருங்கள். கிளினிக்கின் பெயர் மட்டும் போதாது, நீங்கள் வேலை பார்க்கப் போகும் கிளையின் முகவரியே இருக்க வேண்டும். தலைமையகம் பட்டியலில் இருக்கும், உங்களை அனுப்பும் கிளை இருக்காது, அப்படியும் நடக்கிறது. நர்ஸ் கோருக்கு விதி வேறு. எந்த வகை நிறுவனம் என்பதையும் பார்க்கிறார்கள். அடிப்படை மருத்துவத்துக்குப் பற்றாக்குறை மதிப்பெண் 0 முதல் 25 வரை. எண் கூடினால் வாய்ப்பும் கூடும். "எங்கள் மதிப்பெண் என்ன?" என்று கிளினிக்கிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

டெக்சாஸில் 1,80,000 டாலர் வரை அடைக்கிறார்கள் என்று இன்னொரு ஏஜென்ட் வருவார். அது மாநிலத் திட்டம், நான்கு வருடத்துக்கு, டாக்டர்களுக்கு மட்டும். உங்களுக்கு இல்லை.

சைன்-ஆன் போனஸ் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். 10,000 டாலர் இனிக்கத்தான் செய்யும். ஆனால் "மூன்று வருடம் இருக்கிறேன், இல்லாவிட்டால் திருப்பித் தருகிறேன்" என்று கையெழுத்துப் போட்டால் அது வேறொருவருக்கு நீங்கள் பட்டிருக்கும் சேவைக் கடமை ஆகிவிடலாம். ஏற்கெனவே இன்னொரு சேவைக் கடமையில் இருப்பவரை இந்தத் திட்டங்கள் எடுப்பதில்லை. 10,000-க்கு ஆசைப்பட்டு 48,000-க்குத் தகுதியை இழப்பதா? கிளினிக்கிடம் போனஸை நிபந்தனை இல்லாமல் கொடுக்கச் சொல்லுங்கள், அல்லது அந்தத் தொகையைச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். நேர்மையான கிளினிக்குக்கு இந்த விதி தெரிந்திருக்கும், முகம் சுளிக்காது.

அதேபோல் 22,000-த்தையும் 9,000-த்தையும் ஒன்றாக்கி வட்டி குறைத்துத் தருகிறோம் என்று தபால் வரும். செய்யாதீர்கள். நர்ஸிங் கடனோடு நர்ஸிங் அல்லாத கடன் கலந்தால், பாலில் மோர் விட்ட மாதிரி மொத்தமும் கெட்டுவிடும். சேராத 9,000-த்தோடு சேரும் 22,000-மும் போகும். அரசுக் கடன் 58,000-ஐத் தனியார் கடனாக மாற்றித் தருகிறோம் என்றாலும் வேண்டாம். அது பொதுச்சேவைக் கடன் மன்னிப்புக்கு உங்களிடம் இருக்கும் ஒரே டிக்கெட்.

அதையும் சொல்லிவிடுகிறேன். 2007-இல் வந்த சட்டம் இது. அரசு நிறுவனத்திலோ லாபநோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டே 120 மாதத் தவணை கட்டினால் மீதி அரசுக் கடன் தள்ளுபடி. குடியுரிமை தேவையில்லை. முதல் கூட்டம் பத்து வருடம் முடித்து வந்தபோது, 2018-இல், சுமார் 28,000 பேர் விண்ணப்பித்ததில் 96 பேருக்குத்தான் தள்ளுபடி கிடைத்தது. தவறான கடன் வகை, தவறான தவணைத் திட்டம், நிரப்பாத தேதி, இப்படிக் காரணங்கள். இப்போது நிலைமை வெகுவாக மாறிவிட்டது என்றாலும் அந்தக் கதையை மறக்க வேண்டாம். வேலைச் சான்றிதழை வருடா வருடம் அனுப்புங்கள், பத்து வருடம் கழித்து மொத்தமாகப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். உங்களுக்கு வந்திருக்கும் தனியார் கிளினிக் லாபத்துக்கு நடப்பது என்றால் அங்கே கட்டும் ஒரு தவணையும் கணக்கில் வராது. அதே பள்ளத்தாக்கில் லாபநோக்கற்ற சமூக சுகாதார மையங்கள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் சேர்ந்தால் தவணையும் கணக்கில் ஏறும், நர்ஸ் கோருக்கும் வாய்ப்பு இருக்கும். சம்பளம் கொஞ்சம் குறையலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அங்கேதான் முதலில் விசாரிப்பேன்.

உங்களுக்கு இன்னொரு வழியும் தெரிகிறது. கிரீன் கார்டு வந்து ஐந்து வருடம் ஆவதற்கு 90 நாள் முன்பே குடியுரிமைக்கு மனுப் போடலாம். உங்களுக்கு அந்த நாள் நெருங்கிவிட்டது. இடையில் ஊருக்குப் போய் ஆறு மாதத்துக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. உறுதிமொழி எடுத்துச் சான்றிதழ் கையில் வந்தபின், அடுத்த சுற்றில் ஹெல்த் சர்வீஸ் கோருக்கு நேராகப் போகலாம். நேர்காணல் முடிந்தது போதாது, விண்ணப்பம் போடும்போது குடிமகளாக இருக்க வேண்டும். 75,000 வரியில்லாமல் என்பதும் 48,000 வரியோடு என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாது. நர்ஸ் கோரில் இப்போது கையெழுத்துப் போட்டால் அந்த இரண்டு வருடம் முடியும்வரை மற்றதைத் தொட முடியாது. குடியுரிமை சில மாதத்தில் கைகூடும் என்று தோன்றினால், அங்கீகாரம் பெற்ற, மதிப்பெண் கூடிய இடமாகப் பார்த்து வேலையில் சேர்ந்துவிட்டு ஒரு சுற்று காத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கையெழுத்துப் போட்டபின் பாதியில் விலகினால் என்ன ஆகும் என்பதை ஏஜென்ட் எவரும் சொல்வதில்லை. ஹெல்த் சர்வீஸ் கோரில் வேலை பார்க்காத காலத்துக்கு வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும். அதற்கு மேல் முடிக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் 7,500 டாலர், அதற்கு மேல் வட்டி. எப்படிப் போட்டாலும் 31,000-க்குக் குறையாது. கணவருக்கு வேறு மாநிலத்தில் வேலை வந்துவிட்டது என்பது காரணமாகாது. வருடத்தில் ஏழு வாரம்தான் வேலைக்கு வராமல் இருக்கலாம். விடுமுறை, காய்ச்சல், பயிற்சி வகுப்பு எல்லாம் அதற்குள். தங்கை கல்யாணம், கோயில் குளம் என்று ஊரில் ஒன்றரை மாதம் இருந்தால் அந்த வருடக் கணக்கு கிட்டத்தட்டத் தீர்ந்தது.

காகித வேலையில் நம்மவர்கள் சறுக்குவது பெயரில். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலி, அதனால் விசாவில் முன்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சு, நர்ஸிங் லைசென்ஸில் அப்பா பெயர் பின்னால், கடன் கணக்கில் கணவர் பெயர் பின்னால். மூன்றும் ஒருவர்தான் என்று உங்களுக்குத் தெரியும், விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்குத் தெரியாது. இப்போதே எல்லாவற்றையும் ஒரே பெயருக்குக் கொண்டுவாருங்கள். கடன் ஒவ்வொன்றுக்கும் முதலில் எந்தத் தேதியில், எவ்வளவு, எதற்காகக் கொடுத்தார்கள் என்ற விவரத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். வருடத்துக்கு ஒரு முறை சில வாரம்தான் விண்ணப்பம் திறக்கும். அதற்குள் கிளினிக்கின் பொறுப்பாளர் உங்கள் வேலையை ஆன்லைனில் உறுதிசெய்ய வேண்டும். அந்தப் பொறுப்பாளர் வேலையை விட்டுப் போயிருப்பார், மின்னஞ்சல் அவர் பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கும், கடைசி நாள் தாண்டிவிடும். தவறு யாருடையதானாலும் தள்ளுபடியாவது உங்கள் விண்ணப்பம். பொறுப்பாளர் பெயரை நேர்காணலிலேயே கேளுங்கள்.

கடைசியாக அந்த 1,200 டாலர். இரண்டு விண்ணப்பமும் இலவசம். அந்தக் கம்பெனி நிரப்பப் போவது நீங்கள் அனுப்பும் விவரத்தைத்தான். போனில் பேசி வலைவீசி, கடனைக் குறைத்துத் தருகிறோம் என்று முன்பணம் வாங்குவது அமெரிக்கச் சட்டப்படியே தவறு. இப்படிப்பட்ட கல்விக்கடன் கம்பெனிகள் மீது எஃப்.டி.சி. என்ற மத்திய வணிக ஆணையம் 2017-இல் மாநிலங்களோடு சேர்ந்து வரிசையாக வழக்குப் போட்டது. அப்படியும் கடையைப் பெயர் மாற்றித் திறந்துகொண்டேதான் இருக்கிறார்கள். மத்திய கல்விக்கடன் கணக்கின் கடவுச்சொல்லை அவர்களிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். உள்ளே போய் முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் மூன்றும் உங்களுடையதாகவே இருக்கின்றனவா என்று பாருங்கள். கார்டில் பணம் போயிருந்தால் வங்கியை அழைத்து அதை மறுத்துவிட்டு, எஃப்.டி.சி.யில் ஒரு புகாரும் பதிவு செய்யுங்கள்.