சங்கக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், தடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் பகுதியில் தாத்தா காலத்து சங்கக் கட்டடம் ஒன்று இருக்கிறது. பதிவு பெற்ற சங்கம், நானும் உறுப்பினர். பொதுக்குழுவைக் கூட்டாமலே, இடித்து அடுக்குமாடி கட்ட நிர்வாகிகள் பில்டரோடு பேசுகிறார்கள். ‘நூறு வருஷக் கட்டடம், யாரும் தொட முடியாது’ என்கிறார்கள் சிலர். உண்மையா?
வாசகர், சென்னை

பதில்: இல்லை. வயதை மட்டும் வைத்து எந்தக் கட்டடத்துக்கும் பாதுகாப்பு கிடைத்துவிடாது. யாராவது முன்வந்து கேட்க வேண்டும்.

மெரினாவில் வெள்ளை வெளேரென்று நிற்கும் காவல்துறைத் தலைமையகத்தைப் பாருங்கள். 1839-இல் ‘பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி’ என்ற ஃப்ரீமேசன் (சகோதரத்துவ அமைப்பு) சங்கத்துக்காகக் கட்டியது அது. 1865-இல் மாதம் 90 ரூபாய் வாடகைக்குக் காவல்துறை குடிவந்தது. 1874-இல் அரசு 20,000 ரூபாய்க்கு விலைக்கே வாங்கிவிட்டது. அப்படிப்பட்ட கட்டடத்தையே 1990-களின் தொடக்கத்தில் இடிக்க முடிவெடுத்தார்கள். பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. பிறகுதான் அரசு அந்த முடிவைக் கைவிட்டு, பழையதைப் புதுப்பித்தது. கூடுதல் இடத்துக்குப் பக்கத்திலேயே வேறு கட்டடம் எழுந்தது.

இன்டாக் அமைப்பினர் வெளியிலிருந்து போராடினார்கள். நீங்களோ உறுப்பினர், உங்கள் பிடி இன்னும் வலுவானது. முதலில் சங்கத்தின் துணைவிதிகளை வாங்கிப் படியுங்கள். சொத்தை விற்கவோ பில்டரிடம் ஒப்படைக்கவோ யாருக்கு அதிகாரம், பொதுக்குழுத் தீர்மானம் வேண்டுமா என்பது அதில்தான் இருக்கும். வேண்டும் என்றிருந்தால், கூட்டம் கூட்டாமல் போடும் ஒப்பந்தத்தை எதிர்த்து உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். அதோடு, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் சேர்ந்து மனு கொடுத்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன் 36-ஆம் பிரிவின்படி பதிவாளர் விசாரணை நடத்தலாம். உங்கள் சங்கத்தில் உறுப்பினர்கள் குறைவு என்றால், இந்த இடத்தில் அது உங்களுக்குச் சாதகம்தான்!

அப்புறம் மூலப் பத்திரம். நிலம் சங்கம் விலைக்கு வாங்கியதா, யாராவது தானமாகக் கொடுத்ததா, அரசு ஒதுக்கியதா என்று பாருங்கள். தானமோ ஒதுக்கீடோ என்றால், இன்ன காரியத்துக்கு மட்டும் என்ற நிபந்தனை இருக்கலாம். அப்படி ஒரு வரி கிடைத்தால் வழக்கின் போக்கே மாறிவிடும். பழைய காலத்து வில்லங்கச் சான்று இணையத்தில் கிடைக்காது. சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுத் தேடச் சொல்லுங்கள்.

உயர் நீதிமன்றம் அமைத்த நீதிபதி பத்மநாபன் குழு சென்னையின் பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டிருக்கிறது. உங்கள் கட்டடம் அதில் இருந்தால், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியக் குழுவைத் தாண்டி இடிப்பது எளிதல்ல. இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லி மனு கொடுங்கள். கல்வெட்டு, பழைய புகைப்படங்கள், கூட்டக் குறிப்பேடு எல்லாவற்றையும் இணையுங்கள்.

பின்புறம் காலி மனை இருக்கிறதா? இருந்தால், புதியதை அங்கே கட்டலாமே என்று பொதுக்குழுவில் எழுத்துபூர்வமாக முன்வையுங்கள். வருமானம் வேண்டும் என்று நினைக்கும் உறுப்பினர்களும் உங்கள் பக்கம் வர வாய்ப்பிருக்கிறது. ஒப்பந்தம் பத்திரப்பதிவுக்குப் போவதற்குள் இதையெல்லாம் செய்துவிடுங்கள்.