கழுத்தில் ஒட்டிய பிளாஸ்டர்

வணக்கம் ஐயா,

'த கிளாஷ்' என்ற இங்கிலாந்துக் குழுவின் 1977ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டில் மயங்கி, அவர்களின் 'லண்டன் காலிங்' இசைத்தட்டுக்கு வந்தேன். ஜமேய்க்காவின் ரெகே, ஜாஸ் என்று என்னென்னவோ. பங்க் என்றால் வேகமான முரட்டு ராக். அப்படி ஒரு பங்க் குழு முதிர்ச்சி என்று சொல்லி விலைபோவதை எப்படிச் சகிப்பது? அமெரிக்க பங்க் குழு ராமோன்ஸ் மாறவில்லையே?

ஒரு வாசகர், தெஹிவளை

அன்பான தம்பி,

ராமோன்ஸை விடும். விலைபோன கதையும் வேண்டாம். 'லண்டன் காலிங்'கின் 19 பாட்டுகளை இரட்டைத் தட்டில் போட்டு ஒற்றைத் தட்டின் விலைக்கு விற்கவைத்தவர்கள் கிளாஷ் குழுவினர்.

ஆனால் 'முதிர்ச்சி' என்று எழுதினீரே, அதில்தான் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. 1976இல் தொடங்கிய குழு. அந்த இசைத்தட்டு 1979 டிசெம்பரில் வந்தது. பாடகர் ஜோ ஸ்ட்ரமருக்கு அப்போது 27 வயது. நரைத்தா மாறினார்கள்? வாசிக்கப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். பேஸ் கிற்றார், அதாவது அடித்தளச் சுரங்களுக்கான கிற்றார், வாசித்தவர் போல் சிமனன். குழுவில் சேரும்போது அவருக்கு அதைப் பிடிக்கவே தெரியாது. எந்த இடத்தில் எந்தச் சுரம் என்று அதன் கழுத்திலேயே பெயின்றால் எழுதி வைத்திருந்தார். அப்படிப்பட்டவர் ஒரே அடியாக அடிக்காமல் வேறென்ன செய்வார்? சின்ன வயதில் லண்டனின் பிரிக்ஸ்டனில் காதில் விழுந்த ரெகே விரலுக்கு வந்ததும், அந்த ஊரைப் பற்றியே ஒரு பாட்டு எழுதித் தானே பாடினார். 1977இல் டிரம்ஸுக்கு வந்த டொப்பர் ஹெடன் ஜாஸும் சோலும் வாசிக்கக்கூடியவர். இவர்களிடம் போய், தெரியாத மாதிரியே வாசியுங்கோ என்கிறீர். அதற்குப் பெயர் நடிப்பு.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் என் பெரியம்மாவின் மகன் இருந்தார். கிற்றார் கழுத்தில் பிளாஸ்டரை நறுக்கி ஒட்டி, நீலப் பேனையால் ச, ரி, க என்று எழுதியிருந்தார். பின்னேர ரயில் போகும்போது அதற்கு மேலால் கேட்கிற மாதிரி அடிப்பார். நாங்கள் மதிலில் ஏறியிருந்து கத்துவோம். பிறகொரு நாள் பார்த்தால் பிளாஸ்டர் இல்லை. கண்ணை மூடி, விட்டுவிட்டு வாசிக்கிறார். ரயில் வர நிறுத்தினார். அது போய் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"அண்ணை, முந்தின மாதிரி அடியுங்கோவன்" என்றேன். உம்மைப்போல நானும் ஒரு மடையன்தான்.

அந்தக் கிற்றார் போன மாதம் என்னிடம் வந்து சேர்ந்தது. பிளாஸ்டர் இருந்த இடமெல்லாம் பசை கறுத்துப்போய்க் கிடக்கிறது. நான் துடைக்கவில்லை.

என்ன கேட்டீர், எப்படிச் சகிப்பது என்றா? 'லண்டன் காலிங்'கின் இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டை, சிமனனின் அந்த பிரிக்ஸ்டன் பாட்டை, இன்னொருக்கா போட்டு, பேஸை மட்டும் கேளும். போன் ஸ்பீக்கரில் வேண்டாம். அதில் பேஸ் வராது.